கதவணைத் தண்ணீரில் எட்டு மாதம்

அக்கா,

இன்று காலை வீட்டுச் சொந்தக்காரர் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து, கிரீஸ் தடவி என் அறைக் கதவில் மாட்டினார். கீழ்வீட்டில் போன வாரம் திருட்டு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் திருச்செங்கோட்டில் இல்லை. குமாரபாளையத்தில், காவிரியின் கதவணைத் தேக்கத்தில், தகரக்கூரை போட்ட உங்கள் படகில் இருந்தேன். படகுச் சங்கிலிக்கு வாரம் ஒருமுறை நீங்கள் கிரீஸ் தடவுவீர்கள்.

கணவர் இறந்த பின் அவருடைய மீன்பிடிப் படகிலேயே நீங்கள் குடியேறியதை ஊரே பைத்தியக்காரத்தனம் என்றது. குடிகாரக் கணவனை விட்டுவிட்டுத் தறிப்பட்டறை வேலைக்கு வந்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கரையில ஊட்டுக் கதவத் தட்டறவன் சும்மா நடந்து வந்தாப் போதும் சாமி. இங்க தண்ணியில எறங்கோணும். சத்தம் கேக்கும்" என்றீர்கள்.

யார் தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களைவிட நான்கு வயதுதான் இளையவள். எனக்கும் அந்தத் தட்டல் தெரியும். மறுநாளே பெட்டியோடு வந்துவிட்டேன்.

கரையோரம் குடிக்க வருகிறவர்களை நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். நீங்களோ அவர்களிடம் பேச்சுக் கொடுத்து, யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பட்டறையில் வேலை என்று தெரிந்துகொள்வீர்கள். ஆனாலும் உங்கள் தலைமாட்டில் மீன் வெட்டும் கத்தி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி பவானிக்குப் போய்விட்டு மதியம் திரும்பினோம். படகில் என்ஜின் இல்லை. என் பெட்டி உடைந்து கிடந்தது. நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், இன்றைக்கே கரைக்குப் போய்விடலாம் என்று நான் கத்தினேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா என்ஜின் எடுக்கறவன் ஆள் இல்லாத நேரம் பாத்து வாரான். ஆளத் தேடி வாரவன் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத."

மறுநாள் துடுப்புப் போட்டே படகைப் பரிசல் துறைக்கு, டீக்கடைக்கு நேர் எதிரே கொண்டுவந்து கட்டினீர்கள். விடிந்ததும் கூரையில் துண்டு தொங்கும், தொங்காவிட்டால் ஆள் அனுப்பு என்று டீக்கடைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தீர்கள். அப்படியும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மிதந்து வரும் கட்டை அடியில் இடித்தாலும் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது. எட்டு மாதம் உங்களோடு இருந்தவள், அடுத்த வாரமே இங்கே திருச்செங்கோட்டில் அறை பார்த்துவிட்டேன். திருடர் பயம் என்று சொன்னேன். நீங்களே பரிசலில் என்னைக் கரை சேர்த்தீர்கள். பயந்து போவதில் தப்பில்லை, போய்ப் போன் பண்ணு என்றீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை துண்டு தொங்கவில்லை. டீக்கடைக்காரம்மா உடனே பரிசல் அனுப்பினார். நீங்கள் தூங்குவதுபோலக் கிடந்தீர்களாம். மாரடைப்பு என்றார் டாக்டர். படகில் ஒரு பொருள்கூடக் களவு போகவில்லை. தனியாக இருந்ததால்தான் இப்படி என்று உறவுகள் பேசின. நான் பக்கத்தில் இருந்து பரிசலைக் கூப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரி சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் உட்காரும்போதெல்லாம் நிமிடம் நிமிடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் ஒருநாள் பிழைத்துக்கொள்கிறீர்கள். ஒருநாள் இல்லை.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. திருடனுக்குப் பயந்து மட்டும் நான் இறங்கவில்லை. என்ஜின் போன அந்த வாரம் ஒரு மாலை வேலை முடிந்து வந்தேன். நீங்கள் மடியில் தட்டை வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி, யாரையும் எதிர்பார்க்காமல் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சில வருடத்தில் நானும் இப்படித்தான் ஆவேன் என்று தோன்றியது. அதற்குத்தான் பயந்தேன்.

இப்போது நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அக்கா. உங்களுக்கிருந்த அந்த நிதானம் மட்டும் வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னல்வரை போய் வருகிறேன்.