தாஸ்கோவுக்குக் கிடைத்த வளையச் சட்டை

குதிரை மாதம், நான்காம் இரவு

தலைவர் மாத்துகென், இரும்பு வளையங்கள் கோத்த வளையச் சட்டையை தாஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார். நீள வாளும் அவனுக்கே. ஊர் பார்க்க, அவரே தலைவழியாக மாட்டிவிட்டார். மூன்று போர்களில் அவர் கேடயத்தைச் சுமந்தவன் நான். தாஸ்கோ என்ன செய்தான்? சேற்றில் விழுந்த அவர் குதிரையைத் தூக்கிவிட்டான். குதிரை தூக்கியவனுக்கு இரும்பு, கேடயம் தூக்கியவனுக்குக் கைக்காய்ப்பு.

ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஏழு வயதில் என்னைப் பெற்றவர்கள், வழக்கப்படி, அவன் அம்மா சுவாத்துவிடம் வளர்க்க விட்டார்கள். நானும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். இன்று அவள் அழுதாள், மகிழ்ச்சியில். எனக்கும் கஞ்சி ஊற்றினாள். நாய்க்கு வைத்துவிட்டேன்.

ஐந்தாம் இரவு

கனமாக இருக்கிறதா என்று கேட்டேன். "போட்டுத்தான் பாரேன்டா" என்றான். போடவில்லை.

ஒன்பதாம் இரவு

ரோமர் முகாமுக்குக் கோதுமை வண்டி ஓட்டிப் போனோம். இப்போதைக்கு அவர்கள் எங்கள் கோல் குலத்துக்கு நண்பர்கள்.

அங்கே ஒவ்வொருவன் மேலும் வளையச் சட்டை. காவல் நிற்பவன், மலக்குழி தோண்டுகிறவன் – எல்லோருக்கும். அந்த வளையங்களை முதலில் கோத்தது எங்கள் கொல்லர்கள். தலைக்கவசமும் பிடரி மறைப்பும்கூட எங்களிடமிருந்து போனவைதான். பார்த்து எடுத்துக்கொண்டு, உழவன் மகனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டான் ரோமன். எங்களிடமோ குதிரை வைத்திருப்பவனுக்கும் அவன் செல்லப்பிள்ளைக்கும் மட்டும். எனக்குக் கட்டம் போட்ட கம்பளி. அம்பு கட்டத்தை எண்ணிக்கொண்டா நிற்கும்?

அவர்கள் கேடயம் வளைந்து உடம்பை அணைக்கிறது, எங்களுடையது தட்டை. அவர்கள் வாள் குட்டை. நெருங்கி நின்று குத்துவார்கள். எங்கள் வாளை ஓங்குவதற்குப் பக்கத்தில் இருப்பவன் விலக வேண்டும். எறிஈட்டிதான் மோசம். கேடயத்தில் ஏறினால் அதன் மெல்லிய கழுத்து மடங்கித் தொங்கும், பிடுங்க வராது. கேடயத்தையே போட்டுவிட வேண்டியதுதான். போட்டபிறகு? தாஸ்கோவுக்குச் சட்டை இருக்கிறது. எனக்கு?

எங்கள் பேச்சு அரைகுறையாகத் தெரிந்த ஒரு காவலன், பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே கேட்டான்: "ஒங்க வாளு ஒரு வெட்டுக்கே வளைஞ்சிடுமாமே? சண்டைக்கு நடுவுல கால வச்சு மிதிச்சு நேராக்குவீங்களாமே?"

ஏதோ ஒரு குளத்திலிருந்து எங்கள் வாள்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செத்தவனின் வாளை, அவனோடு வளர்ந்தவன் வளைத்துக் குளத்தில் போடுவான், வேறு எவன் கையும் அதில் படக்கூடாது என்று. அதைப் போய் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

தாஸ்கோ சிரித்தான். "ஆமாண்ணே, மூலை திரும்பி ஓடுறவன வெட்ட அதான் வசதி!"

காவலனும் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லோருக்கும் இவனைப் பிடித்துப்போகிறது.

மான் மாதம், இரண்டாம் இரவு

கோல் நாட்டுக் குலங்கள் எல்லாம் ரோமனுக்கு எதிராக எழுகின்றன. நாங்களும்தான். கோதுமை விற்ற கை இன்னும் காயவில்லை.

ஆறாம் இரவு

விருந்து. பன்றித் தொடை முதல் வீரனுக்கு. தலைவர் அதை தாஸ்கோ பக்கம் தள்ளிவிட்டு, "மறுப்பு இருக்கிறவன் எந்திரி" என்றார். அப்படிக் கேட்பது வழக்கம். யாரும் எழுவதில்லை.

எழுந்தேன்.

"இரும்புக்குள்ள ஒளிஞ்சவனுக்கு எதுக்குத் தொடை? அவன் வீரம் கொல்லன் அடிச்ச வீரம். கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்க பாப்போம்."

மண்டபமே சிரித்தது. அவன் காது சிவந்தது. வாளை எடுத்திருக்கலாம், அது அவன் உரிமை. எடுக்கவில்லை.

"உன்கூட எப்படிடா சண்ட போடறது? அம்மா ரெண்டு பேரையும்ல அடிப்பா."

தொடையை என் பக்கம் நகர்த்தினான். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் இரவு

ஆற்றுத்துறையில் சண்டை என்று தெரிந்துவிட்டது. விடிந்து பார்த்தால் என் படுக்கைமேல் வளையச் சட்டை, பக்கத்தில் தாஸ்கோ.

"நீ போட்டுக்கோ. நம்ம பழைய ஆளுங்க மாதிரி நான் வெறும் ஒடம்போட நிக்கறேன். கொல்லன் வீரமான்னு அவனுங்களும் பாக்கட்டும்."

பைத்தியமாடா உனக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டேனா? தலைவழியாக மாட்டிக்கொண்டேன்.

தோளில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பதினோராம் இரவு

அவன் கேடயத்தில் எறிஈட்டி ஏறியது. இழுத்தான், வரவில்லை. கேடயத்தைப் போட்டான். வாளை ஓங்கினான் – ஓங்கும்போது பக்கம் முழுக்கத் திறந்துவிடும், தெரிந்ததுதானே. அந்தக் குட்டை வாள் கீழிருந்து வந்தது.

என் மேலும் இரண்டு குத்து. சில வளையங்கள் தெறித்தன. வேறொன்றுமில்லை. எனக்கு வேறொன்றுமில்லை.

பதினான்காம் இரவு

பணிந்துவிட்டோம். பழைய நண்பர்கள் என்பதால் எங்கள் குலத்துக்கு மன்னிப்பாம், ஆயுதமும் எங்களிடமே இருக்கலாமாம். தலைவர் ரோமத் தளபதியோடு உட்கார்ந்து மது குடிக்கிறார்.

அம்மா தாஸ்கோவின் வாளைக் கொண்டுவந்தாள். "நீதான் வளைக்கணும். அவன்கூட வளந்தவன் வேற யாரு இருக்கா?"

சட்டையையும் குளத்தில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். அவன் குடுத்தது. போட்டுக்கோ." என் முகத்தைப் பார்க்காமல் தெறித்துப்போன வளையங்களின் இடத்தையே பார்த்தாள்.

குளக்கரைக் கல்மேல் வாளைச் சாய்த்து மிதித்தேன். நல்ல இரும்பு. அசையவில்லை. இரண்டு காலாலும் ஏறினேன். உடம்போடு சட்டையின் கனமும் சேர்ந்தபோதுதான் மெல்ல மடங்கத் தொடங்கியது.

எதிர்க்கரையில் அதே காவலன். கூட இருந்தவன் தோளைத் தட்டிக் காட்டினான்.

"பாத்தியா, நான் சொல்லல? நேராக்கறான் பாரு!" பிறகு என்னிடம்: "இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா!"

அழுத்தினேன்.