மீன் சுவடியை எரித்த தாய்மாமனுக்குக் கருங்கழி அரசியார் விடுத்த ஓலை

அலை ஓயாத காலமெல்லாம் அறமும் ஓயாதிருக்க!

கழிமுகங்களுக்குக் காவல் பூண்டவரும், உப்பளங்களை உடையவரும், சங்குக்கொடி உயர்த்தவருமான கருங்கழி நாட்டு அரசியார் கோதைமாதேவியார், முகில் தங்கும் வெண்குன்ற நாட்டு வேந்தரும் தம் உடன்பிறந்த தமையனாருமான அதிரனார் சமுகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் தேன் குறையாதிருக்க, தினை சாயாதிருக்க, தங்கள் குடிகள் நலமாயிருக்க. தங்கள் நலத்தைப் பற்றி மட்டும் அரசியார் இன்னும் முடிவு செய்யவில்லை.

இளவரசி தாழைக்குக் காது குத்திய நாளைத் தாங்கள் மறந்திருக்கலாம். பெற்ற வயிறு மறக்கவில்லை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு வலி தெரியாமலிருக்கத் தாய்மாமன் கதை சொல்லவேண்டும் என்பது முறை. தாங்களும் சொன்னீர்கள்: மலையொன்றை முதுகில் சுமந்து, நூறாண்டு மூச்சு விடாமல் நீந்திய மீனின் கதை. குழந்தை அழவில்லை. அது செவுளால் மூச்சு விடும் மீனா, மேலே வந்து மூச்சு விடும் மீனா என்று மட்டும் கேட்டாள். ஊசியோடு குனிந்திருந்த தட்டார், மடியில் இருந்துகொண்டே மாமனை மடக்கிவிட்டாளே என்று சிரித்தார். அவை சிரித்தது. அரசியாரும் சிரித்தார், அதை மறைக்கவில்லை.

அந்தச் சிரிப்பைத் தாங்க மாட்டாமல் தாங்கள் செய்தது என்ன? பரதவப் பெண்கள் மீனைக் காட்டிச் சொல்லச் சொல்ல, தாழை தன் பிஞ்சுக் கையாலேயே கீறிச் சேர்த்த மீன் சுவடியைப் பிடுங்கித் தட்டாரின் நெருப்புச் சட்டியில் போட்டீர்கள். கதைக்கு உருகாத பிள்ளை கல்லுக்குச் சமம் என்று அவையறியச் சொன்னீர்கள். ஓலை கருகும் மணம் இன்னும் அரசியாரின் மூக்கை விட்டுப் போகவில்லை.

அன்று முதல் தாழை எழுத்தாணியைத் தொடவில்லை. கதைசொல்லிகள் வந்தால் எதிரே அமர்ந்து, பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறது என்று தரையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். பொய்யே சொல்லத் தெரியாத வாய்க்குப் பொய் பழக்கிவிட்டீர்களே, அண்ணா! அரசியாருக்குக் கதைமேல் பகையில்லை. அவரும் கதை கேட்டு வளர்ந்தவரே. ஆனால் நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று கேட்கும் குழந்தை, அரக்கனுக்கு அஞ்சும் குழந்தையைவிட எந்த வகையில் குறைந்துபோனாள்?

படை எடுக்கலாம் என்றார் அமைச்சர். வெண்குன்றத்து ஏட்டுச்சாலையைக் கொளுத்தலாம் என்றார் தளபதி. எரித்தவருக்கு எரித்துப் பதில் சொல்வது மிக எளிது. அரசியார் அவ்வளவு எளிதில் விடுவதாயில்லை. ஓலையை அழித்தவன் அதைத் தன் கையாலேயே திரும்ப எழுதவேண்டும். கண்ணால் காணாததை எழுதக்கூடாது. இது கருங்கழியின் சட்டம். இதில் வேந்தர் என்றும் விலக்கில்லை, அண்ணன் என்றும் விலக்கில்லை.

ஆகவே தாங்கள் இங்கே வந்து, பரதவரோடு கட்டுமரம் ஏறி, ஒவ்வொரு மீனையும் கண்டு, தொட்டு, எழுதித் தரவேண்டும். கழியில் ஓடம் அசைந்தாலே தாங்கள் கண்ணை மூடிக்கொள்வதை அரசியார் அறிவார். அறிந்தே ஆணையிடுகிறார். தாங்கள் வரும்வரை உப்பு வண்டி ஒன்றும் மலை ஏறாது. உப்பில்லாத சோற்றின் முன் எந்தக் கதையைச் சொல்லித் தங்கள் குடிகளைத் தேற்றுவீர்கள் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்க.

இந்தத் தீர்ப்பை அரசியார் தாழையிடம் சொன்னார். அவள், மாமா எழுதுவது சரிதானா என்று யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். நீதான் என்றார் அரசியார். தப்பாக எழுதினால் மறுபடியும் கடலுக்குப் போகவேண்டுமா என்றாள். போகத்தான் வேண்டும் என்றார். அன்று மாலையே எழுத்தாணியைத் தேடி எடுத்துக் கூர் தீட்டச் சொன்னாள்.

சங்கு முத்திரை பதித்த இவ்வோலை கைக்கு வந்த அன்றே புறப்படுக, இது அரசாணை. பல்லக்கு கடற்கரையோடு நின்றுவிடும். முதல் மீனாகத் திருக்கையைத் தாங்களே கையால் பிடித்துப் பார்த்து எழுதவேண்டும் என்பது இளவரசியின் விருப்பம். அதன் வாலைப் பற்றி மட்டும் மாமாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம் என்று அரசியாரிடம் கேட்டுக்கொண்டாள். ஆதலால் சொல்லவில்லை.