மேடைக் கல்யாணம்

செம்பவாங் குவார்ட்டர்ஸ், சிங்கப்பூர்,
4-8-1961

அன்புள்ள பூவம்மாவுக்கு,

நலம். நீயும் பெண்கள் இருவரும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். முஸ்லிம் அல்லாதவர்கள் எல்லோருக்கும் இனி ஒரே மனைவிதான் என்று அடுத்த மாதம் சட்டம் நடப்புக்கு வருகிறது. முஸ்லிம்களை அவர்கள் சமயப்படி விட்டுவிட்டு நம் சமயத்தில் மட்டும் கைவைப்பது என்ன நியாயம்? ஆகவே சட்டம் வருமுன், ஆவணியிலேயே, நம் சங்க நண்பர் வடிவேலுவின் மகளைக் கோயிலில் மணக்க முடிவு செய்திருக்கிறேன். ஆண் வாரிசு வேண்டும் என்பது சமய தர்மம். மூத்த மனைவி தாலித் தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் நடத்துவேன் என்கிறார் ஐயர். வந்து கொடுத்துவிட்டுப் போ. சாப்பாடு உண்டு.

அன்புடன்,
தனசேகரன்

சிராங்கூன் சாலை,
7-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் தேவலை. உங்களுக்குச் சமயம் வந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. எப்போது வந்தது? சீர்திருத்தச் சங்க மேடையில் நாம் மாலை மாற்றிக்கொண்ட அன்று ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. தாலி அடிமைச் சின்னம் என்று நீங்கள் பேசி முடிப்பதற்குள் பாயசம் ஆறிப்போயிற்று. எனக்குக் கட்டாததை இன்னொருத்திக்கு நான் எப்படி எடுத்துக் கொடுப்பது?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நானும் பெண்களும் இனி உங்களுக்கு யார்?

பூவம்மா

செம்பவாங்,
10-8-1961

பூவம்மாவுக்கு,

கிண்டல் வேண்டாம். நல்லவேளை, நீயே வழி காட்டினாய். ஐயரைக் கேட்டேன். மந்திரமும் தாலியும் இல்லாதது சமயப்படி கல்யாணமே இல்லையாம். ஆகவே நீ என் மனைவி இல்லை. உன் சம்மதமும் தேவையில்லை. பெண்களின் செலவுக்கு ஏதாவது அனுப்புவேன். அது என் பெருந்தன்மை.

27ஆம் தேதி முகூர்த்தம்.

தனசேகரன்

சிராங்கூன் சாலை,
14-8-1961

ஐயா,

நேற்று வடிவேலு அண்ணன் வீட்டுக்குப் போய், உங்கள் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் மனைவி முத்தாயி அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நானும் இவரும் மாலை மாத்திக்கிட்டது அதே மேடையிலதானே? அப்போ நான் யாரு? என் மகள் யாரு? அந்த ஆளு இங்க வந்து சொல்லட்டும் லா!"

மகள் உள்ளேயிருந்து, "வேண்டாம்னு நான் சொன்னப்போ யாரும் கேக்கல" என்றாள். அண்ணன் செருப்பைத் தேடினார். வெளியே கிளம்பத்தான் என்று நினைக்கிறேன். 27ஆம் தேதிக்கு நீங்கள் வேறு வேலை வைத்துக்கொள்ளலாம்.

வக்கீலையும் பார்த்தேன். மேடைக் கல்யாணமும் ஒரு வழக்கம்தானாம். புதுச் சட்டத்தில் செல்லுமாம். பெண்களின் செலவு பெருந்தன்மை அல்ல, கடமையாம்.

உங்களை அத்தான் என்று எழுதச் சொல்லி மட்டும் சட்டத்தில் இல்லையாம்.

இப்படிக்கு,
சட்டப்படி உங்கள் மனைவி,
பூவம்மா