விரல் பொறுக்கும் சூடு

திருவண்ணாமலை
18.8.1994

அன்புள்ள மாறனுக்கு அம்மா எழுதுவது. பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நல்லபடி இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நைனாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், பதிலை நம் தெரு திரௌபதி வீட்டு விலாசத்துக்குப் போடு.

ஆடி பிறந்ததிலிருந்து நம் முட்டைகள் வேகும்போதே வெடிக்கின்றன. சிரிக்காதே. செங்கம் ரோட்டில் நைனாவின் தள்ளுவண்டியில் கீறல் விழுந்த முட்டையை யாராவது பார்த்ததுண்டா? தண்ணீரில் ஒரு பிடி உப்பு போடுவார், ஆள்காட்டி விரலை விட்டு ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார், மூன்றுக்கு மேல் விரல் பொறுக்கவில்லை என்றால் அதுதான் பதம், கரண்டியில் ஒவ்வொன்றாக இறக்குவார். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது முப்பதுக்குப் பத்து வெடித்து வெள்ளை நுரைநுரையாக வெளியே வருகிறது. கோழித்தீனி சரியில்லை என்றார், முட்டை வாங்குகிற கடையை மாற்றினார், உப்பை ஜாஸ்தி போட்டார், கடைசியில் என்னைத் திட்டினார்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி என் முகத்தில் அடிக்கிறது, அவர் அதில் விரலை விட்டுக்கொண்டு நிதானமாக எண்ணுகிறார், மூன்று தாண்டி ஐந்து, ஆறு. என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தா கொதிக்கிற மாதிரி இருக்குது, விரலுக்குச் சூடு ஏறலையே, ஸ்டவ்வுல காத்து கம்மியாடி என்று கேட்டார். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சாயங்காலம் விரல் முழுக்கக் கொப்புளம், இது எப்படி வந்துச்சு என்று என்னையே கேட்கிறார்.

மணிக்கட்டுக்கு மேலே வெளிறின தேமல் ஒன்று இருக்கிறது, அங்கே ஊசியால் தொட்டேன், அவருக்குத் தெரியவே இல்லை. திரௌபதி ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறாள், அவளிடம் சொன்னேன். பெருநோயா இருக்கலாம்க்கா, அதான் குஷ்டம், இப்ப மாத்திரை இருக்குது, சும்மாவே குடுக்கிறாங்க, சீக்கிரம் வந்தா கை பிழைக்கும், லேட்டானா விரலெல்லாம் மடங்கிப்போயிடும் என்றாள். நைனா வர மாட்டேன் என்கிறார். அந்த வாசல்ல என்னை ஒருத்தன் பார்த்தா போதும், அப்புறம் நான் உரிச்ச முட்டையை எவன் தின்னுவான் என்கிறார். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, பட்டனும் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போகிறார். இன்று காலை அவருக்குச் சுண்டுவிரல் நிமிரவில்லை.

நீ சொன்னால்தான் கேட்பார். லீவு போட்டுவிட்டு உடனே வா. சும்மா பார்க்க வந்த மாதிரி வா, முட்டைப் பேச்சையே எடுக்காதே. எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது கண்ணு.

அண்ணாமலையார் உன்னைக் கை காலோடு காப்பாற்றட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அன்றைக்கு அவர் போன பிறகு நானும் அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தேன், சுட்டது, சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். நீயும் அவர் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இதைப் படித்து முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் காயவைத்து விரலை விட்டுப் பார். சுட்டது என்று ஒரு வரி எழுது.

உன் அம்மா
உண்ணாமலை