அலுமினியப் படகில் ஒரு ஃபைபர் ஒட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று, கரையில் ஏற்றி வைத்திருந்த மாமாவின் படகைப் பார்த்தேன். போன வருடம் அப்பா அதன் அடியில் போட்ட ஃபைபர் ஒட்டின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் கோடு கட்டியிருந்தது. உப்பு என்று நினைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை.

மாமாவும் கூட்டாளிகளும் பக்கத்தில்தான் நின்றார்கள். "உன் கொழுந்தியா படக நக்கிப் பாக்குறாடா! வீட்ல சோறு போடலையா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இங்கே வந்ததும் அப்பாவின் படகுப் பட்டறைக்குப் பக்கத்துக் கடை வெல்டிங்காரரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றேன். அவராகவே "என்னம்மா?" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது அலுமினியம் அரிச்சு வர்ற தூளு. ஒட்டுக்குள்ள தண்ணி போயிருக்கு. அலுமினியத்துல விரிசல் விட்டா, அத வெட்டிச் சுத்தம் பண்ணி வெல்டிங் வைக்கணும். மேல ஃபைபர ஒட்டுனா விரிசல் உள்ளயே ஓடிக்கிட்டுதான் இருக்கும். போர்வையப் போத்துனா காய்ச்சல் போயிடுமா?"

நம் பட்டறைக்கு வருகிற ஃபைபர் படகில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். தட்டினால் கெட்ட இடம் மொத்தென்று கேட்கும். சுரண்டி, ஃபைபர் பாய் வைத்து ரெசின் பசை பூசினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். அப்பாவுக்கு அந்த ஒரு வைத்தியம்தான் தெரியும். அலுமினியத்துக்கும் அதையே செய்துவிட்டார்.

மாமாவைக் கடலுக்கு விடாதே, அக்கா. ஒட்டைப் பிய்த்துப் பார்க்கச் சொல். பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை

மார்ச் 11

என் சின்னக்குட்டிக்கு,

எட்டாவதோடு நின்றவள் எழுதியதா இது என்று மாமாவே ஆச்சரியப்பட்டார். இங்கே இருந்தவரை பத்து வார்த்தை பேசியிருப்பாயா நீ? பாப்பா உன்னை ஊமைச் சித்தி என்கிறாள்.

கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு சொன்னார்: "நான் இந்தப் படக வாங்கினப்ப உங்கப்பா என்ன கேட்டாரு? சமைக்கிற பாத்திரத்துல ஏறிக் கடலுக்குப் போறவனெல்லாம் ஒரு ஆளான்னாரு. மூணு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல. போன வருஷம்தான் அவரா வந்து, மண்டி போட்டு ஒட்டுப் போட்டுக் குடுத்தாரு. அத நான் பிச்சுப் போட்டா மறுபடி இந்தப் பக்கம் வருவாரா? அவர் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னைக்கே பிச்சுடறேன்."

அவர் சொல்வதும் நியாயம்தானே. அப்பாவிடம் நீயே பேசேன். சாப்பிடாமல் வேலை செய்யாதே, எலும்பாகிவிட்டாய்.

உன் அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பேசிவிட்டேன். ஊருக்கு வந்த அன்றே வெல்டிங்காரரிடம் அலுமினியத் துண்டு ஒன்று வாங்கி, அப்பா செய்கிற மாதிரியே பாய் ஒட்டி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்து நகத்தால் நெம்பினேன். வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். மாமா கேட்டதையும் சொன்னேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். குப்பையில் எறிந்தார்.

"வாயத் தொறக்காத புள்ள, தொறந்ததும் எனக்குத் தொழில் சொல்லித் தருதா?"

"சொல்லித் தரலப்பா. மாமாகிட்ட ஒரு வார்த்த..."

"சந்தேகம் அவனுக்குத்தான? அவன் வந்து கேக்கட்டும்."

அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோனார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறார். மாமா வந்து கேட்கட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று மாமாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் படகு தினமும் போய் வருகிறது. நீ அழுதாவது மாமாவை நிறுத்து.

உன் தங்கை

மார்ச் 29

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று அவர் கடலில் இருந்தார்.

கூடப் போனவரை வேறொரு படகு தூக்கி வந்தது. ஒட்டு முழுசாகக் கிளம்பிப் போனதாம். அதன் அடியில் தகடு ஒரு கை நீளத்துக்குப் பிளந்திருந்ததாம். இரண்டு பேரும் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். விடிந்தபோது கேனில் ஒருவர் கைதான் இருந்ததாம். உடலை நேற்று முன்தினம் கொண்டுவந்தார்கள்.

அப்பா வந்தார். வாசலில் நின்று, "பாறையில மோதியிருக்கும்" என்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை.

அன்று கரையில் உன் மாமா உன் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார். எனக்கு இவ்வளவு எழுதத் தெரிந்த உனக்கு, அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல ஏன் வரவில்லை? பதில் எழுதாதே. இனி எதுவுமே எழுதாதே.

மே 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்று ஒருவர் அலுமினியப் படகு கொண்டுவந்தார். அடியில் வெல்டிங்கை ஒட்டி விரல் நீளத்துக்கு விரிசல். நம் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. அப்பா ஒன்றுமே நடக்காதது போல, "ரெண்டு பாய் வெட்டு, ரெசினக் கலக்கு" என்றார். வெட்டினேன், கலக்கினேன். ஹார்டனர் மட்டும் ஊற்றவில்லை. அது இல்லாவிட்டால் ரெசின் இறுகவே இறுகாது. அது தெரியாமல் அப்பா ஒட்டினார்.

இன்று காலை படகுக்காரர் வந்து கட்டைவிரலால் அமுக்கினார். பசை நூலாக விரலோடு வந்தது.

"என்னங்க, இன்னும் பச்சையா இருக்கு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஹார்டனர் ஊத்துனியா?"

"ஊத்தல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

படகின் அடியில் குனிந்து, ஒட்டின் ஓரத்தில் விரலை விட்டு, முழுதாக உரித்துத் தரையில் போட்டேன். விரிசலைத் துணியால் துடைத்துவிட்டு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "இதுல ஃபைபர் நிக்காதுங்க. எங்க மாமா இப்படித்தான் செத்துப் போனாரு" என்று சொன்னேன்.

உன் தங்கை