நீங்கள் மாற்றாத பாஸ்வேர்டு

அக்கா,

இன்று காலை கயல் எனக்கு ஒரு புது ஃபோன் வாங்கி வந்தாள். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தவள், "அம்மா, இதுல எப்பவோ போட்ட வைஃபை எல்லாம் அப்படியே கெடக்குது. வேணாங்கறத எடுத்துடட்டா?" என்று திரையை என் முன்னால் நீட்டினாள். கம்பெனி கேன்டீன், வீராம்பட்டினத்தில் என் தங்கை வீடு, ஒரே ஒரு தடவை போன கல்யாண மண்டபம். அவற்றுக்கு நடுவே உங்கள் வீடு. உங்கள் மகன் ரஃபீக்கின் பெயரும் உங்கள் கதவு எண்ணும் சேர்ந்த அந்தப் பெயர்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது எங்கும் வைஃபை கிடையாது. இருந்தாலும், "இத மட்டும் விடு" என்றேன். ஏன் என்று கயல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். தெரியாமல் போனது உங்களுக்குத்தான். அதனால் எழுதுகிறேன்.

அந்த இணைப்பு உங்கள் வீட்டுக்கு வந்ததே ரஃபீக்கின் பிடிவாதத்தால்தான். ஃபிரான்சில் இருந்துகொண்டு தினமும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பிப் போட வைத்தான். உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு அங்கேயே வந்துவிடச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டான். "அங்க போயி கதவச் சாத்திக்கிட்டு யாரு மூஞ்சியப் பாக்குறது?" என்பீர்கள். உங்கள் கதவு பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். மூன்றாவது மாடியில் நம் இரண்டு வீடுகள் மட்டும். எதிரெதிர் வாசல், நடுவே நாலடி நடை. மார்க்கெட்டிலிருந்து யார் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாலும் முதலில் உங்கள் வீட்டில்தான் தண்ணீர் கேட்பார்கள்.

கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது கயல் பத்தாவது. என் ஃபோனில் பாடம் பாதியில் நின்று நின்று போகும். ஒரு நாள் அவள் அழுகிற சத்தம் கேட்டு நீங்கள் வந்து நின்றீர்கள். கையில் வைஃபை போட்டவன் கொடுத்த ஓர் அட்டை. "இதுல என்னமோ எழுதி இருக்குது பாரு. எனக்குப் புரியல, நீயே போட்டுக்க" என்றீர்கள். எங்கள் வீட்டில் சமையல் மேடைப் பக்கம்தான் உங்கள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கயல் மேடை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிப்பாள். நான் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வெங்காயம் நறுக்குவேன். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு நர்சிங் முதல் வருஷம் வரை அவள் உங்கள் வைஃபையில் படித்தவள். நான் சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். கயலின் அப்பாவுக்குச் சென்னையில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் என் பெண்ணுக்குக் காவல் நீங்கள்தான்.

அப்படிப்பட்ட உங்களிடம்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அன்று எட்டு மணி நேரம் நின்று பாட்டில் மூடிகளைச் சோதித்துவிட்டு, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்திருந்தேன். படியேறியதும் நீங்கள் வாசலில் காத்திருந்தீர்கள்.

"பாப்பா மாடிப்படியில உக்காந்து ஃபோன்ல பேசிக்கிட்டே அழுவுது. ரெண்டு நாளா பாக்குறேன். என்னன்னு கேளும்மா."

"யாருகிட்ட பேசுதாம்?"

"அது எனக்கென்னா தெரியும். நீ கேளு."

நீங்கள் சொன்னது அழுகையைப் பற்றி. என் காதில் விழுந்தது ஃபோன் மட்டும். படியில் ஒளிந்து எவனிடமோ பேசுகிறாள், நீ பெண்ணை வளர்த்த லட்சணம் இது என்று நீங்கள் சொல்வதாக நானே எடுத்துக்கொண்டேன்.

"எம்பொண்ண நான் பாத்துக்குறேன். நீங்க ஒங்க வேலையப் பாருங்க. பெத்த புள்ளைய ஃபிரான்சுக்கு அனுப்பிட்டு, அடுத்தவங்க புள்ளைய வேவு பாத்துக்கிட்டு இருக்க வேணாம்."

"சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். சத்தமே வராமல் சாத்தினீர்கள்.

மறுநாள் சாயங்காலம் கயல் மேடையில் உட்கார்ந்து, "அம்மா, வைஃபை ஏறல. பாஸ்வேர்டு தப்புங்குது" என்றாள். அட்டையில் இருந்ததை மறுபடி போட்டாள். அதையும் ஏற்கவில்லை. அதே பெயர், எல்லாக் கோடும் நிறைந்த சிக்னல், பாஸ்வேர்டு மட்டும் செல்லவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேற்று வாய்விட்டேன், இன்று மாற்றிவிட்டீர்கள்.

முந்தைய ராத்திரி இடியும் மின்னலுமாக மழை கொட்டியது அக்கா. எங்கள் வீட்டு டிவிப் பெட்டி அன்றுதான் புகைந்து போனது. கீழ் வீட்டில் ஒரு ஃபேன் போனது. இதெல்லாம் தெரிந்தும் உங்கள் வீட்டு வைஃபை பெட்டியும் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கயல் தானாகவே சொன்னாள். உடற்கூறியலில் ஃபெயில். எனக்குச் சொல்லப் பயந்து, சிநேகிதியிடம் பேசிப் பேசி அழுதிருக்கிறாள். அன்றைக்கே நான் உங்கள் கதவைத் தட்டியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுந்தும் நின்றேன். ஆனால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட ஆளிடம் போய் எப்படி நிற்பது என்று இருந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும், உங்கள்மேல் கோபப்பட எனக்கு அந்த வைஃபை ஒரு காரணமாகக் கிடைத்தது. சாவியை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். படியில் எதிர்ப்பட்டால் ஃபோனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். நீங்கள் ஒரு நொடி நிற்பீர்கள். பிறகு இறங்கிப் போவீர்கள்.

இப்படியே மூன்றரை மாதம்.

அன்று கம்பெனியில் இருந்தபோது கயல் கூப்பிட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உங்கள் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களாம். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டதாம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்தேன். நம் தெருவுக்குள் நுழையும்போது உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் அடக்கம். பச்சைத் துணி ஒன்றைத்தான் பார்த்தேன். உங்கள் முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகான நாட்களில் எனக்கு இருந்தது துக்கம் மட்டுமல்ல, பயம். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனீர்களோ என்ற பயம். சோற்றைப் பிசைந்தால் அது வரும். மேடையைத் துடைத்தால் அது வரும்.

மூன்றாம் நாள் ரஃபீக் வந்து சேர்ந்தான். அவனுக்கும் முகம் கிடைக்கவில்லை. நான் போய் உட்கார்ந்தேன், அழுதேன், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. உங்களிடம் நான் பேசியதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு மதியம் அவனே எங்கள் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் உங்கள் ஃபோன்.

"அக்கா, வைஃபை பாஸ்வேர்டு ஒங்ககிட்ட இருக்குதா? இன்னும் ஒரு மணி நேரத்துல ஆபீஸ் மீட்டிங். அதுல உக்காந்தாத்தான் இன்னும் பத்து நாள் இருக்க விடுவாங்க. பெட்டிக்கு அடியில சீட்டு கிழிஞ்சி இருக்குது."

"எங்ககிட்ட பழசுதாம்பா இருக்குது" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

"பழசா? புதுசு அம்மா ஒங்களுக்குக் குடுக்கலையா?"

கயல்தான் உள்ளேயிருந்து வந்து உங்கள் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "இது இன்னும் கனெக்ட் ஆகித்தான் இருக்குதுண்ணா. இதுலயே பாத்துடலாம்" என்றாள். அமைப்புகளுக்குப் போனாள், வைஃபையைத் தொட்டாள், உங்கள் வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை அழுத்தினாள். 'பகிர்' என்று ஒன்று வந்தது. அதைத் தொட்டதும் ஃபோன் பூட்டை மறுபடி கேட்டது. ரஃபீக்குக்கு அது தெரியும். போட்டுக் கொடுத்தவனே அவன்தானே. விரலால் கோடு இழுத்தான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் வந்தது.

"வேற ஃபோன்ல இத ஸ்கேன் பண்ணாலே ஏறிடும். லேப்டாப்புக்குன்னா எழுத்து வேணும். நல்ல வேள, கீழ காட்டுது பாருங்க."

கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கயல் ஒவ்வொன்றாக வாசித்தாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இரண்டு எண், மறுபடி பெரிய எழுத்து. ஒரு பெயரும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. எந்த மனுஷியும் யோசித்து வைக்கிற ஒன்றாக அது இல்லை. நீங்கள் அதை வைத்திருக்கவே முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்றே தெரியாது.

"இது யாருப்பா மாத்துனது?" என்றேன்.

"மழையில பெட்டி போயிடுச்சில்ல அக்கா, மறுநாள் காலையிலயே ஆளு வந்து வேற மாட்டிட்டுப் போனான். எங்கியோ கழட்டுன பழைய பெட்டி. பழைய பேரே இருக்கட்டும்னு அம்மா சொல்லி இருக்காங்க. அந்தப் பேர வச்சி, அம்மா ஃபோன்லயும் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். பாஸ்வேர்டு என்னன்னு சொல்லவே இல்ல." பிறகு தன் ஃபோனை எடுத்து எதையோ தேடினான். வெகு நேரம் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். "அம்மா எனக்கு அனுப்புனாங்க. நான்தான் அக்கா மறந்துட்டேன்" என்று சொல்லி, அழுத்தினான்.

உங்கள் குரல் வந்தது.

"தம்பி, எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு நெட்டு வரல போல இருக்குது. மேடையில காணும். புது நம்பரு என் ஃபோன்ல எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. அவங்கம்மா எம்மேல கோவமா இருக்குது. அதக் குடுக்குற சாக்குல நான் போயி பேசிடுவேன்."

அவ்வளவுதான். பின்னால் குக்கர் விசில் சத்தம்.

நான் நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரஃபீக்கும் உட்கார்ந்தான். அவன் அழுதது வேறு, நான் அழுதது வேறு. "பாத்துச் சொல்றேம்மான்னு போட்டேன். அன்னிக்கு வேலை. மறுநாளும் வேலை. அப்புறம் அம்மாவும் கேக்கல" என்றான். அவனைத் தேற்ற வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். "நீ மறந்தது ஒரு நாள் வேலைப்பா. நான் நாலு அடி நடக்கல" என்றேன். கயல்தான் எங்கள் இருவரையும் எழுப்பி, "மீட்டிங்குண்ணா" என்று ஞாபகப்படுத்தினாள்.

அவன் போகும் முன் உங்கள் ஃபோனை மறுபடி நீட்டினான். அந்தக் கட்டம் திரையில் அப்படியே இருந்தது. "ஒங்க ஃபோன எடுங்க அக்கா. அம்மா குடுக்கச் சொன்னது. லேட்டா குடுக்குறேன்." முதல் தடவை கட்டம் சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை ஏறியது.

அவனுக்கு விடுப்பு கிடைத்தது. பத்து நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஒரு மதியம் உங்கள் மீன் குழம்பை வைக்கப் பார்த்து, புளி அதிகமாகிவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான். கயல் அந்தப் பத்து நாளும் மேடையில் உட்கார்ந்து உடற்கூறியல் படித்தாள். பிறகு அந்தத் தேர்வை முடித்துவிட்டாள் அக்கா. இப்போது மூன்றாம் வருஷம்.

துக்கம் குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயம் உங்கள் குரலைக் கேட்ட அன்றோடு போய்விட்டது. அந்த மதியம் அவன் மீட்டிங்குக்குப் போய்க் கதவைச் சாத்தியதும், பல நாளுக்குப் பிறகு நான் தரையில் படுத்து அப்படியே தூங்கிப் போனேன். நீங்கள் என்னிடம் கோபமாகப் போகவில்லை. என்னிடம் வருவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டு இருந்தீர்கள். அது போதும் எனக்கு.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் அமுதா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேக்கிங்கில் இருக்கிற பெண், தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அதற்கு முந்தின வாரம் நான் என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன், அது அவள் காதுக்கு எப்படிப் போயிருக்கும் என்று மனசு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான்காம் நாள் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"அமுதா, எம்மேல எதுனா கோவமா?"

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "கடவாப் பல்லுக்கா. வாயத் தொறக்க முடியல."

நான் சிரித்துவிட்டேன். அதற்குத்தான் அவளுக்கு உண்மையாகக் கோபம் வந்தது. சேதராப்பட்டு வரும்வரை சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

கேட்க மூன்று நாள் ஆனது அக்கா. அதிகம்தான். உங்களிடம் மூன்றரை மாதம் ஆகியும் கேட்காதவளுக்கு, இது பரவாயில்லை.