மாதிரி விடை

அன்புள்ள மகளுக்கு,

நீ வணிகவியலுக்கு மாறிவிட்டதை வகுப்பில் உன் பெயரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆறு பேர் இருந்தால்தான் ஸ்பானிஷ் துறை நடக்கும். ஆறாவது ஆள் நீ.

கல்லூரி முதல்வர் என்னிடம் படித்தவன்தான். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சார், உங்க பொண்ணே கழண்டுக்கிட்டா. இனி சுவத்துக்கா பாடம் எடுப்பீங்க?" என்றான். எழுத்தர் சிரித்தார். இரண்டையும் நான் மறக்கப் போவதில்லை.

உன்மேல் கோபமில்லை. வீட்டைவிட்டு விடுதிக்கு ஏன் போனாய் என்றும் கேட்கமாட்டேன்.

நேற்று துறை அலமாரியைக் காலி செய்தபோது, நான் திருத்தாமல் விட்ட கட்டுரைகள் அகப்பட்டன. 'என் அப்பா' என்று ஸ்பானிஷில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஆறு தாளிலும் ஒரே அப்பா. நிறையச் சிரிப்பார், ஞாயிறுதோறும் கடற்கரைக்குக் கூட்டிப்போவார், பிள்ளைகள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பார். நீ பிறப்பதற்கு முன்பே நான் எழுதிவைத்த மாதிரி விடை அது. மற்ற ஐந்து பேரும் மனப்பாடக் கிளிகள், அவர்களை விடு. நீ பதினெட்டு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

உன் தாளில் ஒரு பிழைகூட இல்லை. பத்துக்குப் பத்து போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா